வட கடல் மணலில் போர்க்காலக் கண்ணிவெடிகள்: எவ்வளவு ஆழம் புதைந்திருக்கும் என்று கணிக்க முடியுமா?

அலைவாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தெற்கு வட கடலில், நெதர்லாந்துக் கரைக்கு அப்பால், கடற்காற்றாலைகளுக்கான மின்கேபிள் பாதை ஒன்றை அளவாய்வு செய்யும் குழுவில் தரவுப் பகுப்பாய்வுப் பணியில் இருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களிலிருந்து போடப்பட்ட கடலடிக் கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் இப்பகுதியில் இன்னும் கிடப்பதால், கேபிளுக்குப் பள்ளம் எடுப்பதற்கு முன் அவற்றைத் தேடிக் கண்டறிந்தாக வேண்டும். எந்த ஆழம் வரை தேடுவது என்பதை, அவை எந்த ஆழம் வரை புதைந்திருக்கக்கூடும் என்ற கணிப்பே முடிவு செய்கிறது. எனக்குக் குழப்பம் அங்கேதான்.

என் மேசையில் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. மணலில் கிடக்கும் பொருள் தன் விட்டத்துக்கு மேல் புதையாது என்று கூறும் முதல் அறிக்கை, 70 சென்டிமீட்டர் வரை தேடினால் போதும் என்கிறது. இரண்டாவது அறிக்கையோ அதே பாதைக்கு 3 மீட்டருக்கு மேல் தேடச் சொல்கிறது. இரண்டிலும் கணக்கில் பிழை ஏதும் எனக்குத் தென்படவில்லை. நீரின் ஆழம் ஏறத்தாழ 25 மீட்டர். கடலடி முழுவதும் நடுத்தர மணல். அதன்மீது 3 முதல் 4 மீட்டர் உயரமுள்ள மணலலைகள் (நீரோட்டம் அலைபோலக் குவித்த மணல்மேடுகள்) வரிசையாகக் கிடக்கின்றன. ஏறத்தாழ 80 ஆண்டுகளாகக் கடலுக்கடியில் கிடக்கும் பொருளைப் பற்றி இந்த இரண்டில் எதை நம்புவது? காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வண்டல் எழுதியது:

அலைவாய் அவர்களுக்கு வணக்கம். இரண்டு அறிக்கைகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதுபோலத் தோன்றினாலும், அவை கணக்கிட்டிருப்பது இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளை. முதல் அறிக்கையின் பின்னாலுள்ள இயற்பியலை மட்டும் நான் சொல்கிறேன். மணலலைகளைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இக்குழுவில் இருக்கிறார்கள்.

உருளை வடிவப் பொருள் ஒன்று மணல்மீது கிடக்கும்போது, அதை நோக்கி வரும் நீர் முன்புறத்தில் கீழ்நோக்கித் திரும்பிச் சுழல்கிறது. இரு முனைகளிலும் பின்புறத்திலும் சுழல்கள் உண்டாகிப் பிரிந்து செல்கின்றன. சுற்றிலும் அசையாமல் இருக்கும் மணல்கூட இந்தச் சுழல்கள் படும் இடத்தில் பெயர்ந்துவிடும். முதலில் இரு முனைகளிலும் அரிப்புக் குழிகள் விழும். அவை நடுப்பகுதியை நோக்கி வளர வளர, உருளையைத் தாங்கியிருக்கும் மணல்திட்டு குறுகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பாரம் தாங்காமல் சரியும். உருளை தானே பறித்த குழிக்குள் சாய்ந்தோ திரும்பியோ இறங்கிவிடும். நீரோட்டம் தணிந்ததும் நகர்ந்து வரும் மணல் அக்குழியை நிரப்பிவிடும். அடுத்த புயலில் இதுவே மீண்டும் நடக்கும். உருளையின் மேற்பகுதி கடலடி மட்டத்துக்கு வந்ததும் நீரைத் தடுக்க எதுவும் மீதமில்லாததால் அரிப்பு நின்றுவிடுகிறது. விட்டத்துக்கு மேல் புதையாது என்ற கூற்று இங்கிருந்துதான் வருகிறது. அரிப்பைப் பொறுத்தமட்டில் அது சரியானதே.

மணல் பெயருமா, பெயராதா என்பதைச் சொல்வது ஷீல்ட்ஸ் எண். ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் 1936-இல் பெர்லினில் அளித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்த இந்த எண், தரையை நீர் இழுக்கும் விசைக்கும் மணற்துகளைக் கீழே பிடித்து வைத்திருக்கும் எடைக்கும் உள்ள விகிதம். நடுத்தர மணலுக்கு இது ஏறத்தாழ 0.05-ஐத் தாண்டினால் துகள்கள் உருளத் தொடங்கும். துகளின் பருமன் 0.25 மில்லிமீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு 0.2 நியூட்டன் அளவுக்கு இழுத்தாலே போதும்.

இனி அலைகளைப் பாருங்கள். 12 மீட்டர் ஆழத்தில், 1 மீட்டர் உயரமும் 5 வினாடி கால இடைவெளியும் கொண்ட சாதாரண அலை அடியில் வினாடிக்கு 17 சென்டிமீட்டர் வேகத்தை உண்டாக்கும். ஷீல்ட்ஸ் எண் 0.06 அளவில், அதாவது வரம்பை ஒட்டி நிற்கும். அதே இடத்தில் 3 மீட்டர் உயரமும் 10 வினாடி இடைவெளியும் கொண்ட புயலலை வினாடிக்கு 1.1 மீட்டர் வேகத்தை உண்டாக்கும். ஷீல்ட்ஸ் எண் 1-ஐத் தாண்டிவிடும். மணலின் மேற்பரப்பு முழுவதும் படலமாகவே நகரும். உங்கள் 25 மீட்டர் ஆழத்தில் முதல் அலை அடியில் உண்டாக்குவது வெறும் 2 சென்டிமீட்டர் வேகம். புயலலையோ 60 சென்டிமீட்டருக்கு மேல். எனவே உங்கள் பாதையில் சாதாரண நாள்களின் அலையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அங்கு வேலை செய்வது ஓதநீரோட்டமும் (கடலின் ஏற்ற இறக்கத்தால் ஓடும் நீரும்) குளிர்காலப் புயல்களும்தாம்.

வழக்கமான கணிப்பு முறை இதன்மேல் கட்டப்பட்டதே. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஷீல்ட்ஸ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுக்குரிய இறுதி அரிப்பு ஆழத்தை எடுத்துக்கொண்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் அதை நெருங்கும் அடுக்குக்குறிச் சார்பின் வழியே குழியை வளர்த்துக்கொண்டு போவார்கள். 80 ஆண்டு காலம் கிடந்த பொருளுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. முதல் சில குளிர்காலங்களிலேயே அரிப்பு தன் எல்லையைத் தொட்டிருக்கும்.

கரைமணல் எழுதியது:

வண்டல் அவர்கள் விளக்கியதைக் கடலில் சோதித்துப் பார்த்த நிகழ்வு ஒன்று உண்டு. சூத்திரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அது உதவும். அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் ஆதரவில், 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் இந்தியன் ராக்ஸ் கடற்கரைக்கு அப்பாலும், 2003–04 குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் தென்கரைக்கு அப்பாலும், கண்ணிவெடியின் வடிவிலும் எடையிலும் செய்யப்பட்ட உருளைகளைக் கடலடியில் வைத்தார்கள். சிலவற்றின் உடலிலேயே உணரிகள் பதிக்கப்பட்டிருந்தன. எந்தப் பக்கம் எவ்வளவு மூடியிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை உருளையே பதிவு செய்தது. இரண்டாவது இடம் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் கரையோர ஆய்வகம் அமைந்துள்ள இடம். ஆழம் 12 மீட்டர். வண்டல் அவர்கள் எடுத்துக்கொண்ட ஆழமும் அதுவே.

அங்கே நுண்மணல் பட்டைகளும் பருமணல் பட்டைகளும் ஒன்றுக்கொன்று அருகிலேயே கிடக்கின்றன. மேலே அடித்த அலை இரண்டுக்கும் ஒன்றுதான். இருந்தும் நுண்மணலில் வைத்த உருளைகளைச் சுற்றி அரிப்புக் குழிகள் விழுந்து, உருளைகள் அவற்றுள் இறங்கி, குழிகள் நிரம்பி, ஏறத்தாழ முழுவதும் மறைந்துபோயின. பருமணலில் அவ்வாறு நிகழவில்லை. அங்கே புயலலைகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் பெரிய மணல்வரிகளை உருவாக்குகின்றன. உருளையின் வெளியே தெரியும் பகுதி அந்த வரிகளின் உயரத்துக்குச் சமமாகும் வரை புதைந்து, அதோடு நின்றுவிட்டது. சுற்றியுள்ள வரிகளே நீரை அவ்வளவு கலக்கும்போது, அவற்றைவிட உயராத உருளை நீருக்குத் தனித் தடையாக இருப்பதில்லை. கடலடியின் மேடுபள்ளங்களை ஒலிக்கற்றைகளால் அகலமாக அளக்கும் மல்டிபீம் சோனார் கொண்டு மீண்டும் மீண்டும் எடுத்த படங்களில், பருமணல் பகுதியில் எது வரி, எது உருளை என்று பிரித்தறிவதே கடினமாக இருந்தது. கண்ணிவெடி தேடுபவருக்கு முழுப் புதைவைவிட இது தொல்லை என்று நான் கருதுகிறேன்.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: மணற்பருமனைப் பாதை முழுவதற்கும் ஒரே எண்ணாக வைத்துக் கணக்கிடாதீர்கள். கடலடியில் சேறு இருக்கும் இடம் ஏதேனும் இருந்தால், இதுவரை சொன்ன எதுவும் அங்கே பொருந்தாது. சேற்றில் பொருள் விழுந்த நொடியிலேயே புதைந்துவிடும். அது விழுந்த வேகமும், தரையைத் தொட்ட கோணமும், சேற்றின் வலிமையுமே ஆழத்தைத் தீர்மானிக்கும்.

அலைவாய் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாதையில் சேறு இல்லை. மணலும் பெரும்பாலும் 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரைதான். அப்படியானால் முதல் அறிக்கையின் 70 சென்டிமீட்டரையே எடுத்துக்கொள்ளலாம் என்று புரிந்துகொள்ளலாமா? இரண்டாவது அறிக்கையின் 3 மீட்டர் வெறும் பாதுகாப்புக்காகக் கூட்டிய எண்ணா?

ஓதம் எழுதியது:

தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். இதுவரை பேசப்பட்டது பொருள் தன்னைச் சுற்றித் தானே உண்டாக்கிக்கொள்ளும் புதைவு. அதற்கு விட்டம் எல்லை. ஆனால் கடலடியே ஏறி இறங்கும் இடத்தில், பொருளுக்கு மேல் வந்து குவியும் மணலுக்கு விட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் பாதையில் 4 மீட்டர் மணலலைகள் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

தெற்கு வட கடலின் மணலலைகள் சில நூறு மீட்டர் நீளமும் சில மீட்டர் உயரமும் கொண்டவை. சில இடங்களில் அவை ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன. வேறு சில இடங்களில் ஆண்டுக்குப் பத்து மீட்டர், அதற்கு மேலும் நகர்கின்றன. கனமான பொருள் அலையோடு சேர்ந்து நகர்வதில்லை. அலையின் பள்ளம் அதன் இடத்துக்கு வரும்போது அடியிலுள்ள மணல் அரிபட, பொருளும் கூடவே இறங்குகிறது. பிறகு முகடு வரும்போது அது மேலே ஏறுவதில்லை. மணல்தான் அதன்மேல் ஏறுகிறது. எனவே ஓரிடத்தில் கிடக்கும் பொருள், அது விழுந்த நாளிலிருந்து இன்று வரை அந்த இடத்தில் கடலடி தொட்ட மிகத் தாழ்ந்த மட்டத்தில் இருக்கும். இன்றைய மட்டத்துக்கும் அந்தத் தாழ்ந்த மட்டத்துக்கும் உள்ள வேறுபாடே உங்கள் புதைவு ஆழத்தின் பெரும்பகுதி.

இனி இரண்டாவது அறிக்கையின் 3 மீட்டருக்கு வருகிறேன். அலையின் நீளம் 200 மீட்டர், நகர்வு ஆண்டுக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 ஆண்டுகளில் 800 மீட்டர். நான்கு முழு அலைகள் ஒவ்வொரு புள்ளியையும் கடந்து போயிருக்கும். பாதையில் எந்த இடமாக இருந்தாலும் அது ஒருமுறையேனும் பள்ளமாக இருந்திருக்கிறது. இன்று முகடாக இருக்கும் இடத்தில் பொருள் அலையின் முழு உயரத்துக்கும் கீழே கிடக்கும். அந்த நிலையில் 3 மீட்டர்கூடக் குறைவு. நகர்வு ஆண்டுக்கு 1 மீட்டர்தான் என்றால் கதை வேறு. மொத்த நகர்வு 80 மீட்டர், அரை அலைகூட இல்லை. அப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்: இன்றைய குறுக்குவெட்டில், அலை நகரும் திசையில் அப்புள்ளிக்கு முன்னாலுள்ள 80 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் மிகத் தாழ்ந்த மட்டம் எது என்று பாருங்கள். அலை நகர்ந்து வந்திருப்பதால், இன்று முன்னால் தெரியும் வடிவமே முன்பு அந்தப் புள்ளியில் இருந்தது. முகட்டின் உச்சியிலும் செங்குத்தான முன்சரிவிலும் இருக்கும் புள்ளிகளுக்குப் பள்ளம் அந்த 80 மீட்டருக்குள் அகப்படும். அங்கே ஆழமாகத் தேட வேண்டும். மென்சரிவான பின்பக்கத்தின் அடிப்பகுதியில் மணல் 80 ஆண்டுகளாக அரிபட்டே வந்திருப்பதால், அங்கே பொருள் கடலடி மட்டத்தை ஒட்டியே கிடக்கும். பாதை முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொன்ன இரண்டாவது அறிக்கையும் அந்த வகையில் சோம்பேறித்தனமானதே.

பின்சரிவை மறந்துவிடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்சரிவு குறுகியது, பின்சரிவு நீண்டது என்பதால் ஒரு பொருள் விரைவாக மூடப்பட்டு, நீண்ட காலம் எடுத்துக்கொண்டு மெல்ல வெளிப்படும். இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் 1703-ஆம் ஆண்டின் பெரும்புயலில் மூழ்கிய ஸ்டர்லிங் காசில் என்ற போர்க்கப்பலை மணல் விழுங்கி, 1979-இல் முக்குளிப்பவர்கள் கண்ணில் படும் அளவுக்கு மீண்டும் வெளியே விட்டது. விரைவிலேயே மறுபடியும் மூடிக்கொண்டது. 1990-களின் இறுதியில் மீண்டும் வெளிப்பட்டது. கப்பல் தன் இடத்திலேயேதான் இருந்தது.

வண்டல் எழுதியது:

ஓதம் அவர்களின் விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். இரண்டைச் சேர்க்க விரும்புகிறேன். தாழ்ந்த மட்டத்தைக் கண்டபின் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பள்ளத்தில் கிடந்த ஆண்டுகளில் பொருளைச் சுற்றி அரிப்பு நிகழ்ந்திருக்கும்; எனவே அதன் மேற்பகுதிதான் அந்தத் தாழ்ந்த மட்டத்தில் இருக்கும், அடிப்பகுதி ஒரு விட்டம் கீழே இருக்கும். தேடும் கருவிக்கு மேற்பகுதியின் ஆழம் முக்கியம். அகற்றுபவர்களுக்கு அடிப்பகுதியின் ஆழம் முக்கியம். அறிக்கையில் எதைச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிடாவிட்டால் அந்த 70 சென்டிமீட்டரை ஒருவர் கூட்டுவார், மற்றவர் விட்டுவிடுவார்.

அடுத்தது, பெரிய மணலலைகளின் முதுகில் சவாரி செய்யும் சிறிய மணல்வரிகள். சில பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள அவை பெரிய அலைகளைவிட மிக வேகமாக நகர்வதால், ஒரே முறை எடுத்த அளவாய்வில் இருக்கும் மட்டம் தற்செயலானது. பெரிய அலையின் வடிவத்தை வடிகட்டி எடுத்து, அதன் பள்ளத்துக்குக் கீழே சிறிய வரிகளின் உயரத்தில் பாதியையேனும் கழித்துக்கொள்ளுங்கள்.

அலைவாய் எழுதியது:

இப்போது தெளிவாகிறது. எங்களிடம் இப்பாதையின் சில பகுதிகளுக்குப் பல ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு மல்டிபீம் அளவாய்வுகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு நகர்வு வேகத்தைக் கணக்கிட முடியும். கடைசியாக ஒன்று: முகட்டுப் பகுதிகளில் 4 மீட்டர் வரை தேட வேண்டும் என்று வந்தால், இரும்பின் காந்தத் தடத்தை உணரும் மேக்னடோமீட்டர் அதற்குப் போதுமா?

நெடுங்கடல் எழுதியது:

பொருள் எதுவென்பதைப் பொறுத்தது. எஃகு உறை கொண்ட பெரிய வான்குண்டு என்றால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் காந்தத் தடம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூரம் இரட்டிப்பானால் தடம் எட்டில் ஒரு பங்காகிவிடும். கருவி கடலடிக்கு 2 மீட்டர் மேலே நீருக்குள் செல்கிறது, பொருள் 4 மீட்டர் கீழே இருக்கிறது என்றால், கடலடிமேல் கிடக்கும் அதே பொருளோடு ஒப்பிடும்போது தடம் 27-இல் ஒரு பங்குதான். சிறிய குண்டுகளுக்கு அது இரைச்சலில் மூழ்கிவிடும்.

அதைவிடக் கடினமானது ஜெர்மானிய விமானப்படை பாராசூட்டில் போட்ட எல்.எம்.பி. வகைக் கண்ணிவெடி. ஏறத்தாழ ஒரு டன் எடை, 66 சென்டிமீட்டர் விட்டம், உறை அலுமினியம். முதல் அறிக்கையின் 70 சென்டிமீட்டரும் இந்த விட்டத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். உள்ளே இரும்பு மிகக் குறைவாகவே இருப்பதால், கடலடிமேல் கிடந்தாலே மேக்னடோமீட்டரில் அதன் தடம் சிறியது. புதைந்துவிட்டால் பக்கவாட்டு சோனாருக்கும் தெரியாது. மின்காந்தத் தூண்டல் கருவி அலுமினியத்தைக் கண்டுகொள்ளும் என்றாலும், கடலடியை ஒட்டிச் சென்றால்தான். அதன் எட்டும் ஆழமும் குறைவு. மணலுக்குள் ஊடுருவும் முப்பரிமாண சோனார்தான் மீதமிருக்கும் வழி. அது மெதுவானது, செலவும் மிக அதிகம். பாதை முழுவதற்கும் அதைக் கேட்டால் உங்கள் திட்ட மேலாளர் சம்மதிக்க மாட்டார். ஓதம் அவர்கள் சொன்ன புள்ளிவாரிக் கணக்கு உங்களுக்குப் பயன்படப்போவது இங்கேதான்: எந்த முகடுகளில் எல்.எம்.பி. ஆழமாகக் கிடக்க வாய்ப்பு உண்டோ அவற்றுக்கு மட்டும் அந்தக் கருவியைக் கேளுங்கள்.

கணிப்பை ஒற்றை எண்ணாக எழுதாமல் நிகழ்தகவாக எழுதவும் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பயன்முறை இயற்பியல் ஆய்வகம் கண்ணிவெடிகளுக்கும், பின்னர் கடலடி வெடிபொருள்களுக்கும் உருவாக்கிய கணிப்பு முறைகள் பேய்சியன் வலையமைப்பின் (காரணிகளை நிகழ்தகவுகளால் ஒன்றோடொன்று இணைக்கும் கணக்கு முறையின்) மேல் அமைந்தவை. மணற்பருமன், அலை, நீரோட்டம், பொருளின் அடர்த்தி ஆகியவற்றின் ஐயங்களை உள்ளே கொடுத்தால், புதைவு ஆழம் எந்தெந்த வரம்புக்குள் எவ்வளவு வாய்ப்போடு இருக்கும் என்று வெளியே தரும். உங்கள் கணக்கில் மிகப் பெரிய ஐயம் மணலலையின் நகர்வு வேகம். ஆண்டுக்கு 1 மீட்டரா 3 மீட்டரா என்பதிலேயே முழு விடையும் மாறிவிடும். இரண்டு அளவாய்வுகளிலும் இடக்குறிப்புப் பிழை எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 5 ஆண்டுகள்தான் என்றால், 3 மீட்டர் இடப்பிழை ஆண்டுக்கு 60 சென்டிமீட்டர் பொய் நகர்வாகத் தெரியும். அதை 80 ஆண்டுக்கு நீட்டினால் 48 மீட்டர் ஆகிவிடும். கடலடியில் அசையாமல் கிடக்கும் கப்பல் சிதைவு அல்லது பழைய குழாய் ஏதேனும் இரண்டு அளவாய்வுகளிலும் பதிவாகியிருந்தால், அதை வைத்து இரண்டையும் பொருத்திவிட்டு, பிறகு நகர்வைக் கணக்கிடுங்கள்.